கேள்வி நோட்டிலிருந்து தொடங்குங்கள்: வடசென்னைத் தனி ஆலோசகர்களுக்குச் சமூக ஊடக வழிகாட்டி

தம்பு செட்டித் தெருவில் எந்த மாடிப்படி ஏறினாலும் ஏழெட்டுப் பெயர்ப்பலகை இருக்கும். ஜிஎஸ்டி, ஏற்றுமதி ஆலோசனை, உரிமம், வங்கிக் கடன் என்று எல்லாம் ஒரே மாதிரி எழுத்து. வியாபாரி பலகையைப் பார்த்து ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கத்துக் கடை பாய் சொன்ன பெயர், கிளியரிங் ஏஜென்ட் சொன்ன பெயர், அவ்வளவுதான். இப்போது ஒரு படி கூடியிருக்கிறது. பெயரைக் கேட்டதும் போனில் தேடிப் பார்க்கிறார். பொங்கல் வாழ்த்து அட்டையும் கோட் போட்ட படமும் மட்டும் கிடைத்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நேற்று தன்னைத் தூங்கவிடாத சிக்கலுக்குக் கணக்கோடு ஒரு பதில் கிடைத்தால் அழைப்பார்.

அலுவலகம், ஆள், விளம்பரப் பணம் எதுவும் இல்லாமல் ஒற்றை ஆளாக ஆலோசனை செய்பவர்களுக்கான வழிமுறை இது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

என்ன வேலை என்பதை முதலில் சுருக்குங்கள்

"பிசினஸ் கன்சல்டன்ட்" என்றால் ஒன்றும் புரியாது. யாருக்கு, எந்த வேலை, எந்தக் கட்டத்தில் என்ற மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். "எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் பதில்." "முதல்முறை இறக்குமதி செய்பவர்களுக்கு, சரக்கு கப்பல் ஏறும் முன் ஆவணச் சரிபார்ப்பு." "மணலி, எண்ணூர் ஆலைகளில் வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் பர்மிட் நடைமுறையும்." "காசிமேட்டில் கருவாடு பாக்கெட் போடுபவர்களுக்கு உணவு உரிமம்."

வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: அந்த வேலையில் உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரே உட்காரலில் 30 எழுத முடிகிறதா? 15-லேயே பேனா நின்றால் வட்டம் மிகக் குறுகல், அல்லது அனுபவம் இன்னும் போதவில்லை. 30 தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்து, ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லை என்றால் வட்டம் பெரிது.

இந்த இடத்திலேயே சட்ட எல்லையையும் பார்த்துவிடுங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. பட்டயக் கணக்காளர்களுக்கும் அவர்கள் நிறுவனத்தின் நடத்தை விதிகள் உண்டு. பிறருக்காகச் சுங்கத்தில் ஆவணம் தாக்கல் செய்ய உரிமம் வேண்டும். அது இல்லாத ஆலோசகர் "கிளியர் பண்ணித் தருகிறோம்" என்று எழுதவே கூடாது, "ஆவணம் தயாரிக்க வழிகாட்டுகிறோம்" என்பதோடு நிறுத்த வேண்டும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு இல்லாமல் எந்தப் பங்கை வாங்கலாம் என்று பேசுவதும் இதே ரகம். ஒரு சொல் தவறினாலும் கை சுட்டுவிடும்.

கேள்வி நோட்டு

இந்த வழிமுறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு, போனிலோ நேரிலோ டீக்கடையிலோ வருகிற ஒவ்வொரு தொழில் கேள்வியையும் கேட்டவர் வாயிலிருந்து வந்த அதே சொற்களில் எழுதுங்கள். நீங்கள் திருத்திய சொற்களில் எழுதினால் பாதிப் பயன் போச்சு. "பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் கால வரம்பு என்ன?" என்று, இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் அந்த ஆவணத்தின் பெயரைச் சொல்லி, யாரும் கேட்பதில்லை. "அண்ணே, கப்பல் திங்கக்கிழமை வருதுன்னு லைன்ல சொல்றான், நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, திங்கக்கிழமையே போட்டுக்கலாமா?" என்றுதான் வரும். அந்த வாக்கியத்தில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஞாயிறு கணக்கில் வராது என்று. உங்கள் பதிவு பதில் சொல்ல வேண்டியது அந்த நம்பிக்கைக்குத்தான்.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நான்கு குறிப்பு: கேட்டவர் என்ன தொழில் (பெயர் வேண்டாம்), ஒரு வரிப் பதில், அதற்கு ஆதாரமான விதி அல்லது தேதி, தவறினால் எவ்வளவு ரூபாய் போகும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் கேள்விகளைப் பின்னால் தள்ளுங்கள்.

முதலில் எழுத வேண்டியவை மூன்று நிபந்தனைக்கும் பொருந்துபவை. குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்கள் கேட்டிருக்க வேண்டும். அவர்களுடைய காகிதத்தைப் பார்க்காமலே பொதுவாகப் பதில் சொல்ல முடிய வேண்டும். தவறினால் பணம் போக வேண்டும். 30 கேள்வியில் எட்டு, பத்து இப்படித் தேறும். இரண்டு, மூன்று மாதத்துக்கு அது போதும்.

ஒரு கேள்வி பதிவாவது எப்படி

மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வரியில் பதில் வந்துவிட வேண்டும்: "கப்பல் திங்கட்கிழமை வந்தால், பில் ஆஃப் என்ட்ரியை ஞாயிறு முடிவதற்குள் போட்டுவிட வேண்டும்." கேள்வியை நீட்டி, ஆவலைத் தூண்டி, ஏழாவது வரியில் பதில் சொல்லும் பாணி பாரிமுனையில் எடுபடாது. படிப்பவர் வேலைக்கு நடுவில் இருக்கிறார்.

இரண்டாவது, ஏன் என்பது. 2021-இல் சுங்கச் சட்டத்தின் 46-வது பிரிவு மாறியது. முன்பு கப்பல் வந்த மறுநாள் வரை நேரம் இருந்தது. இப்போது வருகைக்கு முந்தைய நாளே கடைசி, அது விடுமுறை நாளானாலும் சரி. பழைய பழக்கத்தில் இருப்பவர்தான் தவறுகிறார்.

மூன்றாவது, கணக்கு. தாமதக் கட்டணம் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000. நான்கு நாள் தாமதமானால் 15,000 + 10,000 = 25,000. இந்த ஒரு வரிதான் ஃபார்வர்ட் ஆகும். ஆகவே கணக்கைப் படமாகவும் வையுங்கள்.

நான்காவதுதான் தெரிந்தவரையும் இணையத்தில் பார்த்து எழுதியவரையும் பிரித்துக் காட்டும் இடம்: விலக்கு. இலங்கை போன்ற சில அண்டை நாடுகளிலிருந்து கடல்வழி அனுப்பப்படும் சரக்குக்கு, கப்பல் வரும் நாளே தாக்கல் செய்யலாம். இதைக் கேட்டதும் ஒருவர் "நம்ம சரக்கு கொழும்புல கப்பல் மாறித்தானே வருது" என்பார். கொழும்பில் கப்பல் மாறுவது வேறு, கொழும்பிலிருந்து அனுப்பப்படுவது வேறு. சலுகை இரண்டாவதற்குத்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதிகாரி கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. இதையும் ஒரு வரியில் சொல்லுங்கள், ஆனால் அதை நம்பி இருக்கச் சொல்லாதீர்கள்.

கடைசி வரி தேதி. "இந்தத் தேதி நிலவரப்படி" என்று போடாத தொழில் பதிவு ஒரு வருடத்தில் பொய்யாகிவிடும், ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றிக்கொண்டும் இருக்கும்.

மொத்தம் 150 முதல் 200 சொல். இதே பதிவை ஏஐ செயலியிடம் எழுதச் சொன்னால் "இன்றைய போட்டி நிறைந்த உலகில்" என்று தொடங்கி, எண்ணும் இல்லாமல் விலக்கும் இல்லாமல் முடியும். எழுத்துப் பிழை பார்க்கச் செயலியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. சரக்கு உங்கள் நோட்டிலிருந்து வரட்டும்.

ஊர் நிலவரம் தெரியாமல் வடநாட்டு வீடியோவைப் பார்த்து எழுதுவதும் மாட்டிவிடும். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் (வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின் ரசீது) கட்டாயம் என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர் பலர். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம் என்பது கொருக்குப்பேட்டை லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவருக்கும் தெரியும். ஒரு பதிவில் சிரித்துவிட்டார் என்றால் அடுத்ததை அவர் படிக்கமாட்டார்.

சுயவிவரப் பக்கம்

இதற்கு ஒரு மாலை போதும். படம் முகம் தெளிவாகத் தெரிகிற, சாதாரணச் சட்டையில் எடுத்ததாக இருக்கட்டும். பெயருக்குக் கீழே முன்பு சுருக்கிய அந்த ஒரு வரி.

லிங்க்ட்இன்னில் அந்த வரிக்கு 220 எழுத்து இடம். தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். கணினி கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். "தொழிற்சாலை" நமக்கு ஐந்து எழுத்து, அதற்குப் பத்து. ஆக, நம் கணக்கில் 120, 130 எழுத்திலேயே இடம் தீர்ந்துவிடலாம். முக்கியமானதை முன்னால் வையுங்கள். பதிவுக்கான 3,000 வரம்பும் இப்படித்தான் சுருங்கும்.

"20 ஆண்டு அனுபவம்" என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. என்னென்ன கையாண்டீர்கள் என்று எழுதுங்கள்: எந்த வகைச் சரக்கு, எந்த வகை நோட்டீஸ், எந்த வகை ஆலை. செய்யாத வேலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "வருமான வரி பார்ப்பதில்லை" என்று எழுதியவரின் ஜிஎஸ்டி பேச்சுக்கு மதிப்பு கூடும், தேவையில்லாத அழைப்பும் குறையும்.

எங்கே போடுவது

எல்லா இடத்திலும் கடை விரித்தால் எங்கும் நிற்க முடியாது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே ஒன்று, தேடினால் கிடைக்க ஒன்று, இரண்டு போதும்.

மணலி, எண்ணூர் ஆலைகளின் கொள்முதல், பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் லிங்க்ட்இன்னில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலமும் தமிழும் கலந்தே எழுதலாம். பக்கம் பக்கமாகத் தள்ளிப் படிக்கும் பிடிஎஃப் அங்கே நன்றாகப் போகும். 1080-க்கு 1350 அளவில் ஆறேழு பக்கம், ஒரு பக்கத்துக்கு 25 சொல்லுக்கு மேல் வேண்டாம். சில வடிவமைப்புச் செயலிகள் தமிழ்க் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடும். ஏற்றுவதற்கு முன் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வண்ணாரப்பேட்டை, சௌகார்பேட்டை, மண்ணடி வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்தான் எல்லாம். ஸ்டேட்டஸும் பிராட்காஸ்ட்டும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போகும் என்பதை மறந்து, "அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை" என்பவர்கள் உண்டு. முதல் சந்திப்பிலேயே, எதிரில் இருக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். குரூப் தொடங்காதீர்கள். அதில் குட் மார்னிங் பூக்களும் அரசியலும் வந்து சேரும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், போட்டிக்காரர் உள்ளே உட்கார்ந்திருப்பார். பிராட்காஸ்ட் பட்டியலோ சேனலோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தேடிக் கிடைக்க யூடியூப். தலைப்பில் நோட்டில் இருக்கும் கேள்வியை அப்படியே போடுங்கள். தேடுபவரும் ஏறக்குறைய அதே சொற்களில்தான் தேடுவார்.

வீடியோ எடுப்பது

90 நொடி, ஒரு கேள்வி. அதற்கு 150 முதல் 170 சொல் வரும். குறிப்பு எழுதுங்கள், வரிக்கு வரி எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒப்பிக்கிற குரல் பத்து நொடியில் தெரிந்துவிடும். "நண்பர்களே வணக்கம், நம் சேனலுக்கு..." என்ற வரவேற்பையும் வெட்டுங்கள், கேள்வியோடு தொடங்குங்கள்.

நம் பக்கத்தில் படத்தைவிடச் சத்தம்தான் பிரச்சினை. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் இருந்தால் கன்டெய்னர் லாரி ஹாரன் எந்நேரமும் உண்டு. காலை ஆறரைக்குள் எடுங்கள். சாலைப் பக்கம் இல்லாத அறை, மூடிய ஜன்னல், அணைத்த மின்விசிறி. சட்டைக் காலரில் மாட்டும் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். அறை எதிரொலித்தால் போனுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும்.

பேசுவது எழுத்தாகவும் திரையில் ஓட வேண்டும். விம்கோ நகரிலிருந்து மண்ணடிக்கு மெட்ரோவில் வருபவர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். தானாக வரும் எழுத்தை அப்படியே விடாதீர்கள். தொழில் சொற்களில்தான் அது தடுமாறும். டிமரேஜும் டிடென்ஷனும் மாறிப்போனால் துறைமுகம் அல்லது சிஎஃப்எஸ் (கன்டெய்னர் கிடங்கு) வாங்கும் பணமும், கன்டெய்னருக்குக் கப்பல் நிறுவனம் வாங்கும் பணமும் குழம்பி, சொன்னதே தலைகீழாகும்.

துறைமுகத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் படம் எடுத்தால் நிஜமாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். சென்னைத் துறைமுகம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலில் இருக்கும் இடம், அனுமதியில்லாமல் கேமரா எடுத்தால் பாஸ் போய்விடும். எண்ணெய், வேதிப்பொருள் ஆலையில் தீ அபாயப் பகுதிக்குள் போனே கொண்டுபோகக் கூடாது. பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் அங்கே செல்ஃபி எடுத்துப் போட்டால், அவருக்குப் பாதுகாப்பு தெரியாது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆவணம் காட்டும்போது

உண்மையான இன்வாய்ஸ், உண்மையான நோட்டீஸ் காட்டினால் பதிவுக்குக் கனம் கூடும். வாடிக்கையாளர் மானமும் அங்கேதான் போகும்.

நிறுவனப் பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணை விட்டுவிடுவார்கள். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண்ணேதான். இப்போது தரப்படும் ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதிக்கான குறியீடு) எண்ணும் பான்தான். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கன்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத் தளத்தில் போட்டால் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டிவிடும். க்யூஆர் கோடு, பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) எண், கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் மறைக்க வேண்டும்.

மறைக்கும் விதத்திலும் கோளாறு நடக்கும். போனில் ஹைலைட்டர் தூரிகையால் கருப்படித்தால் அது முழுக்க மறைக்காது, பிரகாசத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். பிடிஎஃப்பில் கருப்புப் பெட்டியை மேலே வைத்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகல் எடுத்து ஒட்டினால் வந்துவிடும். ஒளி ஊடுருவாத வண்ணத்தால் மறைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள். அதைவிட நல்லது, கற்பனைப் பெயரில் மாதிரி இன்வாய்ஸ் ஒன்று செய்து வைத்துக்கொள்வது. "மாதிரி" என்று குறுக்கே பெரிதாக எழுதிவிடுங்கள். வாடிக்கையாளரின் வழக்கைச் சொல்வதானால் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுமதி வாங்குங்கள். சின்ன வட்டாரம் இது. "ராயபுரத்தில் பித்தளைப் பொருள் இறக்குமதி செய்யும் ஒருவர்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். ஊரையோ பொருளையோ ஒன்றை விட்டுவிடுங்கள்.

எப்போது எதைப் பேசுவது

வாரத்துக்கு ஒரு எழுத்துப் பதிவு, ஒரு வீடியோ, இரண்டு ஸ்டேட்டஸ். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான்கு வீடியோவையும் சேர்த்து எடுத்துவிட்டால் பாரம் தெரியாது. தினமும் போடக் கிளம்புபவர்கள் மூன்றாம் வாரம் சரக்குத் தீர்ந்து, அரைத்த மாவையே அரைப்பார்கள், அல்லது தத்துவம் பேச ஆரம்பிப்பார்கள்.

பண்டிகை நாட்காட்டியைவிடத் தொழில் நாட்காட்டிக்கு மதிப்பு அதிகம். ஜிஎஸ்டி வரியை முன்கூட்டிக் கட்டாமல் ஏற்றுமதி செய்பவர் எல்யூடி (அதற்கான உறுதிக் கடிதம்) புதுப்பிப்பதை மார்ச்சில் பேச வேண்டும். ஐஇசி விவரத்தை மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உறுதி செய்ய வேண்டும், விட்டால் எண் முடங்கும். இதை மே மாதம் ஒருமுறையும் ஜூன் 20 வாக்கில் ஒருமுறையும் போடலாம்.

அக்டோபர் தொடங்கியதும் மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் போல வெள்ளம் கடைக்குள் வந்தால் எல்லாரும் இன்ஷூரன்ஸைப் பற்றித்தான் கேட்பார்கள். அழிந்துபோன சரக்கை வாங்கியபோது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அப்போது யாருக்கும் நினைவு வராது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் நனைந்த மூட்டையை அப்புறப்படுத்தக் கூடாது என்பதும் அப்படித்தான். இந்தப் பதிவை மழைக்கு முன்பே எழுதி வைத்து, தண்ணீர் வடியும் நாளில் வெளியிடுங்கள்.

கேள்விகள் வர ஆரம்பித்த பிறகு

எது இலவசம் என்பதற்கு ஒரே கோடு: பதில் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால் பொதுவிலேயே சொல்லுங்கள். அவருடைய காகிதத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றால் கட்டணம். "சார், இந்த நோட்டீஸக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று படம் வந்து விழும். "பார்த்துச் சொல்கிறேன் சார், ஆவணம் பார்க்க இவ்வளவு கட்டணம், இன்று மாலைக்குள் பதில் தருவேன்" என்று தொகையோடும் நேரத்தோடும் எழுதுங்கள். இந்தச் செய்தியைத் தயாராக வைத்துக்கொண்டால் கூச்சமும் குறையும். மென்பொருளையோ வேறு சேவையையோ பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அது விளம்பரம் என்று முதலிலேயே போட்டுவிட வேண்டும். பின்னால் தெரியவந்தால் பழைய பதிவுகள் மேலும் சந்தேகம் விழும்.

லைக்கை எண்ணுவதில் பயனில்லை. பாதி சக ஆலோசகர்கள் போடுவது. நோட்டின் பின்பக்கத்தில் மூன்றை எழுதுங்கள்: எத்தனை பேர் பதிவை வைத்து மேல்கேள்வி கேட்டார்கள், எத்தனை பேர் வேறொருவருக்கு அனுப்பினார்கள், புதிதாக அழைத்தவர் "எங்கே பார்த்தீர்கள்" என்பதற்கு என்ன சொன்னார். முதல் இரண்டு மாதம் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் பதற வேண்டாம், முதல் கட்டமும் காலி என்றால்தான் கேள்விகளை மாற்ற வேண்டும். ஒற்றை ஆளுக்கு மாதம் இரண்டு, மூன்று புது வாடிக்கையாளர் வந்தாலே கை நிறைந்துவிடும்.

என்றாவது தவறாகவும் எழுதுவீர்கள், அல்லது அறிவிப்பு ஒன்று வந்து நீங்கள் எழுதியது பழசாகும். பதிவை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே ஊருக்குள் போயிருக்கும். பதிவின் முதல் வரியில் "திருத்தம்" என்றும் தேதியும் போட்டு, எது தவறு, சரியானது எது என்று இரண்டு வரியில் எழுதுங்கள். பிராட்காஸ்டிலும் அதையே தனியாக அனுப்புங்கள். அந்தப் பதிவைப் பார்த்து யாராவது தாக்கல் செய்திருக்கக்கூடும் என்று தோன்றினால், மேல்கேள்வி கேட்டவர்களின் எண்கள் போனில் இருக்கும், அன்றே ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லுங்கள்.